கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றாதே

ஊரில் ஒரு செடியைப் பார்க்க முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஆமாம், செடியைத்தான். டயர் கடைக்கு மேல்மாடியில், பெரிய கூடத்தில், ஒரு மண் தொட்டிக்குள் இருந்த தொட்டாற்சுருங்கிச் செடியைப் பார்ப்பதற்காகக் காலை ஐந்து மணிக்கே பெற்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வரிசை மாடிப்படியில் இறங்கி, டயர் கடையை ஒரு சுற்றுச் சுற்றி, பஸ் நிறுத்தத்தையும் தாண்டிப் போகும். பஸ்ஸுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் எதற்கென்று கேட்காமலே அந்த வரிசையில் ஒட்டிக்கொண்டார்கள். பிள்ளையே இல்லாத ஒருவர் நான்கு மணி நேரம் நின்று, மேசைவரை வந்த பிறகு, "இங்கதானே பஸ் பாஸ் புதுப்பிக்கிறாங்க?" என்று கேட்டார்.

செடிக்கு அப்படி என்ன வேலை? பிள்ளைகளின் மூளையைப் படிப்பதுதான். பிள்ளை செடிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்ட வேண்டும். தொடக் கூடாது. இலை சுருங்கினால் அது 'தொட்டாற்சுருங்கிப் பிள்ளை'. சுருங்காவிட்டால் 'கள்ளிப் பிள்ளை'. உலகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த இரண்டே ரகம்தானாம். மூன்றாவது ரகம் வேண்டுமென்றால் வேறு கிரகத்துக்குப் போக வேண்டும்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் 'மூளை வள்ளல்'. அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று தேட வேண்டாம். பெயர்ப்பலகை எழுதச் சொன்னபோது அவரே எழுதச் சொன்னதுதான். வள்ளல் என்றால் கொடுப்பவர் என்று அகராதி சொல்கிறது. இவருக்கு வாங்கித்தான் பழக்கம். அதற்காக அகராதியோடு சண்டை போட முடியுமா?

அந்தக் கூடத்தில் மூன்றாவது வரிசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஏழு வயதுப் பெரியவள். மடியில் மூன்று வயதுச் சின்னவள். நல்ல மனிதர். ஊசியில் நூல் கோக்கும்போதுகூட ஊசிக்கு வலிக்குமோ என்று யோசிக்கிற ஆள். ஒரே ஒரு பயம் மட்டும் அவர் நெஞ்சுக்குள் வெகுநாளாக இருந்தது. அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். 'படிக்காத என் கையில வளர்ந்து, பிள்ளைங்க மூளைக்கு ஏதாவது பழுது வந்துட்டா?' என்று தையல் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எதிர்ச் செருப்புக்கடைக்காரரிடம் மட்டும் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவர்தான், "வள்ளல்கிட்டப் போங்க. என் பையனைக் காட்டினேன், இப்ப எப்படி இருக்கான் தெரியுமா?" என்று ஏற்றிவிட்டார். அந்தப் பையன் எப்படி இருந்தான் என்று தையல்காரர் கேட்கவில்லை. முன்பு இருந்தபடியேதான் இருந்தான்.

வள்ளல் மேடைக்கு வந்து, செடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். முகத்தில் கறுப்புத் துணியால் கண்கட்டு.

"ஏன் கண்ணைக் கட்டியிருக்கேன்? பிள்ளை முகத்தைப் பார்த்தா எனக்குப் பாசம் வந்துடும். பாசம் வந்தா தீர்ப்பு கோணிடும்!"

கூடம் உச்சுக்கொட்டியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"தொட்டாற்சுருங்கிப் பிள்ளைக்கு அதட்டல் ஆகாது. சத்தம் ஆகாது. 'கூடாது'ங்கற வார்த்தையே ஆகாது. ஒரு தடவை அதட்டினா மூளையில ஒரு இலை சுருங்கும். சுருங்கின இலை விரியவே விரியாது!"

உண்மையில் அந்தச் செடியின் இலை கால் மணி நேரத்தில் தானாக விரிந்துவிடும். அதனால்தான் பின்அறையில் இருபது தொட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. ஒன்று சுருங்கியதும் இன்னொன்று வரும். 'செடி ஓய்வுக்குப் போகிறது' என்று அதற்குப் பெயர். இதையும் யாரும் கேட்கவில்லை.

"கள்ளிப் பிள்ளைக்கு எதுவும் வேணாம். பேச்சு வேணாம், கதை வேணாம், கொஞ்சல் வேணாம். அது பாட்டுக்கு வளரும். கள்ளிக்குத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"அழுகிடும்!" என்று கூடமே சேர்ந்து கத்தியது. தையல்காரரும் கத்தினார்.

மேசைக்காரப் பெண் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு, தையல்காரர் நிரப்பிக் கொடுத்த படிவத்தை ஒலிபெருக்கியில் படித்தாள். செடிக்குக் கேட்க வேண்டுமாம். "அப்பா சொந்தமாத் தையல் கடை. வாடகை வீடு. ரெண்டு பிள்ளைங்க." செடிக்குக் கேட்டதோ இல்லையோ, வள்ளலுக்குக் கேட்டது. பெரியவள் கையை நீட்டினாள், இலை அசையவில்லை. சின்னவள் நீட்டினாள், இலைகள் மளமளவென்று மூடிக்கொண்டன. தையல்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளைக்கொரு சான்றிதழ் எழுதி அவர் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்று தொட்டாற்சுருங்கி, ஒன்று கள்ளி என்பது வள்ளலின் நெடுநாள் கணக்கு. இரண்டும் தொட்டாற்சுருங்கியாகிவிட்டால் செலவுக்குப் பயந்து ஆள் மறுபடி வரமாட்டான். இரண்டும் கள்ளியாகிவிட்டால் வள்ளல் எதை விற்பார்? தொட்டாற்சுருங்கிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் சத்தம் போடாத கம்பளிச் செருப்பு, தடிப்பான திரைச்சீலை, மாதம் ஒரு சோதனை என்று பட்டியல் நீளம். செருப்பு எங்கே கிடைக்கும்? தையல்காரருக்கு அதே எதிர்ச் செருப்புக்கடையில்தான், வள்ளல் முத்திரையோடு.

இதெல்லாம் நடந்தபோது தையல்காரரின் மனைவி ஊரில் இல்லை. அவள் தராசு மெக்கானிக். கடைத் தராசு, மூட்டைத் தராசு, நகைத் தராசு என்று எதுவானாலும் பிரித்து, துடைத்து, சரிசெய்து, எடைக்கல் வைத்துச் சோதித்துக் கொடுப்பாள். துறைமுகத்துக் கிடங்குத் தராசுகளைச் சரிபார்க்க ஆறு வாரம் வெளியூர் போயிருந்தாள். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீடு அன்றைக்கே மாறிவிட்டது. கதவு, ஜன்னல், கரண்டி, பூட்டு எல்லாவற்றுக்கும் துணி சுற்றினார். முன்அறைதான் கடை என்பதால் தையல் மெஷினுக்கு அடியில் நான்கு தலையணை வைத்தார். மெஷின் மெத்தையில் படுத்த மாதிரி ஆகி, தையல் குடிகாரன் நடை நடந்தது. வழக்கறிஞர் ஒருவருக்குக் கால்சட்டையின் ஒரு கால் முழங்காலுக்கு மேலே வந்து நின்றது. அவர் வந்து கத்த ஆரம்பித்தபோது, தையல்காரர் உதட்டில் விரல் வைத்து, "மெதுவாத் திட்டுங்க ஐயா, உள்ள குழந்தை இருக்கு" என்று கும்பிட்டார். பாவம், அந்த மனிதரும் அரைமணி நேரம் காதோடு காதாகத் திட்டிவிட்டுப் போனார்.

மனைவி போன் செய்தாள். இவர் கிசுகிசுத்தார்.

"என்னங்க, ஒண்ணுமே கேக்கல. சத்தமாப் பேசுங்க!"

"நல்லாத்தான் இருக்கோம்..."

"லைன் சரியில்ல போல."

அவள் அங்கே புது சிம் வாங்கினாள். பிறகு புது போனே வாங்கினாள். அப்போதும் வீட்டுக்காரர் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரிதான் கேட்டது.

பெரியவள் விஷயம்தான் பொறுக்க முடியாதது. அந்தப் பெண் பிறவிக் கேள்விக்காரி. பள்ளியிலிருந்து வந்ததும் கட்டிங் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பாள். "ஏம்பா, ஊசிக்கு ஒரே காதுதானே, அதுக்கு எப்படி ரெண்டு பக்கமும் கேக்கும்?" "ஏம்பா, நிழலுக்கு ஏன் பாக்கெட் இல்ல?" "ஏம்பா, குண்டானவங்க சட்டைக்கும் ஒல்லியானவங்க சட்டைக்கும் ஒரே அளவு பட்டன் ஏன்?" தையல்காரருக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. ஆனாலும் ஏதாவது சொல்லுவார். அவள் அதிலிருந்து இன்னொரு கேள்வி பிடிப்பாள். இரண்டு பேருக்கும் அதைவிடச் சந்தோஷம் வேறு இருந்ததில்லை.

இப்போது அவள் கள்ளி. பதில் சொன்னால் அழுகிவிடும். தையல்காரர் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு குனிந்தே தைத்தார். அவள் கேட்டாள், இவர் தைத்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'எல்லாம் உன் நன்மைக்குத்தாண்டா கண்ணு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மனசுக்குள் சொன்னது எந்தப் பிள்ளைக்குக் கேட்கும்?

அவள் ஒரு வாரம் கடைப் பொம்மையிடம் கேட்டுப் பார்த்தாள். குழந்தை உடுப்பு மாட்டி வைக்கும் பொம்மை அது. ஒரு கையை நீட்டியபடி கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். அதுவும் பதில் சொல்லவில்லை. பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பள்ளி ஆசிரியை கடைக்கே வந்தார். "வகுப்புல முதல் ஆளாக் கை தூக்குற பொண்ணு, இப்ப பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நிமிர மாட்டேங்குது. வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

தையல்காரர் அசந்துபோனார். 'வள்ளல் சொன்னது அப்படியே பலிக்குதே! கள்ளிப் பிள்ளைக்கு எதுவும் உறைக்காதுன்னாரே!'

சின்னவளும் வள்ளலின் வாக்கைக் காப்பாற்றினாள். ஒரு மாதமாகச் சத்தமே கேட்காத வீட்டில் இருந்ததால், தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே வீறிட்டு அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நாளைக்கு முன் தட்டைத் தட்டிப் பாட்டுப் பாடிய பிள்ளை. 'எப்பேர்ப்பட்ட மென்மை!' என்று தையல்காரர் இன்னொரு திரைச்சீலை வாங்கினார். நோயைக் கொடுத்தவனே நோயைச் சரியாகச் சொன்னான் என்று மெச்சுகிற புத்திக்கு மருந்து எந்தக் கடையில் இருக்கிறது?

ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தராசுக்காரி வீட்டுக்கு வந்தாள். எடைக்கல் பெட்டியைத் தரையில் 'டங்'கென்று வைத்தாள். சின்னவள் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்து அலறினாள். பெரியவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஓடி வரவில்லை.

"வா... வந்துட்டியா..." என்று கம்பளிச் செருப்போடு கிசுகிசுத்துக்கொண்டு வந்தார் வீட்டுக்காரர்.

"ஏங்க திருடன் மாதிரி பேசுறீங்க? கரண்டிக்கு ஏன் கட்டுப் போட்டிருக்கு? அடிபட்டுச்சா?"

அவர் இரண்டு சான்றிதழ்களையும் எடுத்து நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். கத்தவில்லை. பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தடவினாள். "என்னடா கண்ணு, அம்மாகிட்ட ஒண்ணும் கேக்கலையா?" என்றாள். பெரியவள் இல்லையென்று தலையாட்டினாள். அப்போதுதான் தராசுக்காரியின் கண் கலங்கியது.

"இந்தச் செடியை யாருங்க சோதிச்சாங்க?"

"செடிதான் பிள்ளையைச் சோதிக்கும்."

"அது தெரியுது. செடியைச் சோதிச்சது யாரு?"

இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே தையல்காரருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இருபது வருஷமாத் தராசு பார்க்கிறேன். என்கிட்ட வர்ற கெட்ட தராசு எல்லாம் விக்கிறவனுக்குச் சாதகமாத்தான் கெட்டிருக்கும். வாங்குறவனுக்குச் சாதகமா ஒண்ணாவது கெட்டு நான் பார்த்ததில்ல. ஞாயித்துக்கிழமை போவோம். தராசைச் சோதிக்கிற மாதிரியே சோதிப்போம்."

"எப்படி?"

"ஒரே எடைக்கல்லை ரெண்டாவது தடவை வைப்பேன். வேற எடை காட்டினா தராசு கெட்டுப்போச்சு. அப்புறம் தட்டுல ஒண்ணுமே வைக்காம பார்ப்பேன். ஒண்ணுமில்லாததுக்கும் எடை காட்டினா, கெட்டது தராசு இல்ல, கடைக்காரன்."

"வேணாம்மா. சின்னவ மூளையில இலை கிலை சுருங்கிடுச்சுன்னா?"

"நான் சொல்றது தப்பா இருந்தா, ஊர் முழுக்க நானே கம்பளிச் செருப்புல நடக்கிறேன். போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. ஜன்னலில் தொங்கிக்கொண்டு நாலு பேர் பார்த்தார்கள். சின்னவளைப் பள்ளி ஆசிரியை வீட்டில் விட்டுவிட்டு, மற்ற மூவரும் வந்திருந்தார்கள். தையல்காரர் தோளில் சால்வை போர்த்திய நாலாவது ஆள் ஒன்றும் இருந்தது. தலையில் தொப்பி, காலில் காலுறை, புத்தம்புது கவுன். மேசைக்காரப் பெண் தலை நிமிரவே இல்லை. அவள் படிவத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி அவளுக்கு உத்தரவும் இல்லை.

முதலில் பெரியவள். மேசைக்காரப் பெண் படித்தாள்: "அப்பாவுக்கு ஏழு கடை. சொந்த வீடு, மூணு மாடி. ஒரே பிள்ளை."

பெரியவள் கையை நீட்டினாள். ஆறு வாரத்துக்கு முன் நீட்டிய அதே கை. இலைகள் சடசடவென்று மூடிக்கொண்டன.

"தொட்டாற்சுருங்கி!" என்று வள்ளல் துள்ளினார். "ஐயையோ, இந்தப் பிள்ளையை யாரோ அதட்டியிருக்காங்க. உடனே ஆறு மாசத் திட்டத்துல சேருங்க!"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள், "அடுத்தது" என்று கண்ணைக் காட்டினாள்.

அடுத்த டோக்கன். "அப்பாவுக்குப் பன்னிரண்டு கடை. ரெண்டு கார். ஒரே பிள்ளை." தையல்காரர் சால்வைப் பிள்ளையைச் செடிமுன் நிறுத்தினார். கை ஏற்கெனவே நீட்டியபடியே இருந்தது. கூடத்தில் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் தொடையில் கிள்ளினார்கள். "பாரு, அந்தப் பிள்ளை எப்படி அசையாம நிக்குது! நீயும் இருக்கியே!"

தையல்காரர் செடி மேசைக்கு மிக அருகில் நின்றார். முதல் தடவை மூன்றாவது வரிசையிலிருந்து பார்க்க முடியாத ஒன்றை இப்போது பார்த்தார். மேசைவிரிப்பு கீழே ஒரு முறை அசைந்தது. 'புஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம். உடனே இலைகள் அத்தனையும் மூடிக்கொண்டன, காம்போடு தொங்கின.

வள்ளல் மெய்மறந்தார். "இப்படி ஒரு மென்மையான பிள்ளையை என் ஆயுசுல பார்த்ததில்ல! அம்மா, பிள்ளை சரியாச் சாப்பிடுதா?"

"சாப்பிடறதே இல்லைங்க" என்றாள் தராசுக்காரி.

"தூங்குதா?"

"கண்ணே மூடறதில்லைங்க."

"பேசுதா?"

"இதுவரைக்கும் ஒரு வார்த்தை இல்லைங்க."

"பார்த்தீங்களா! அவ்வளவும் அறிவு! உள்ளுக்குள்ளயே தேக்கி வச்சிருக்கு. இந்தப் பிள்ளை எதிர்காலத்துல ஆயிரம் பேரை நிர்வாகம் பண்ணும்!"

"மண்டையைத் தட்டிப் பார்த்தா காலியா இருக்கிற மாதிரி கேக்குதுங்களே?"

"தட்டாதீங்க! இலை சுருங்கிடும்!"

தராசுக்காரி சால்வையை உருவினாள். தொப்பியும் கூடவே வந்தது. வழுக்கைத் தலையோடு, கழுத்தில் கவுனின் விலைச்சீட்டோடு, கடைப் பொம்மை கூடத்தைப் பார்த்து ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு அம்மா, "ஐயோ, பிள்ளைக்கு முடியெல்லாம் கொட்டிடுச்சே!" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

வள்ளல் கண்கட்டை அவிழ்த்தார். பொம்மையைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. ஆனால் லேசுப்பட்ட ஆளா? அரை நொடியில் இரண்டு கையையும் உயர்த்தினார். "பார்த்தீங்களா என் செடியோட மகிமையை! உயிரில்லாத பொம்மைக்குள்ள இருக்கிற உணர்வைக்கூடக் கண்டுபிடிச்சிடுச்சு!"

பாதிக் கூடம் கைதட்டியது. நம்புவீர்களா? கைதட்டியது! "ஒருவேளை பொம்மைக்கும் உணர்வு இருக்குமோ?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டியவர். "கண்டிப்பா இருக்கும்" என்றார்.

தராசுக்காரி ஒலிபெருக்கியை வாங்கினாள். "பொம்மையை விடுங்க. இது என் பொண்ணு. இந்தாங்க சான்றிதழ், ஆறு வாரத்துக்கு முன்னாடி கள்ளி. இது இன்னைக்கு வந்தது, தொட்டாற்சுருங்கி. அதே பொண்ணு, அதே கை. நடுவுல மாறினது ஒண்ணே ஒண்ணு, படிவத்துல நான் எழுதின கடை எண்ணிக்கை!"

"வளர்ந்திருப்பா! பிள்ளைங்க மாறும்!" என்று வள்ளல் சமாளித்தார்.

அப்போதுதான் அது நடந்தது. வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத தையல்காரர் மேசைக்குப் போனார். பாம்பின் கால் பாம்பறியும். இருபத்தைந்து வருஷமாகத் தையல் மெஷினை மிதிக்கிறவருக்கு, மிதிக்கிற ஆளின் இடுப்பு எப்படி அசையும் என்று தெரியாதா? மேசைவிரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு. அடியில், வள்ளலின் வலது காலுக்கு நேராக, மெத்தைக்குக் காற்றடிக்கும் கால் பம்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேசைக் காலோடு ஏறி, தொட்டியின் பின்புறம் போய் முடிந்தது.

தையல்காரர் பின்அறையிலிருந்து புதுத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். யாரும் கை நீட்டவில்லை. தன் காலால் ஒரு மிதி மிதித்தார். புஸ். இலைகள் மூடிக்கொண்டன.

"இப்ப யாருங்க தொட்டாற்சுருங்கி? இந்த மேசையா?" என்றார். ஆறு வாரத்தில் அவர் வாய்விட்டு உரக்கப் பேசிய முதல் பேச்சு. "இவரு கால் ஆடினதுக்கு நான் என் பிள்ளைகிட்டப் பேசாம இருந்திருக்கேன்! பெத்த பிள்ளைகிட்ட!"

அதற்கு யாரும் கைதட்டவில்லை. கூடத்தில் பல பேர் தங்கள் பக்கத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்த கள்ளிகளை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கூச்சல் கிளம்பியது. வள்ளல் பின்அறை வழியாக இறங்கப் பார்த்தார். இருபது தொட்டிகளிலும் கால் இடறி, சட்டையெல்லாம் மண்ணோடு பின்படியில் உருண்டு, டயர் கடை முன்னால் போய் விழுந்தார். அங்கே வரிசையில் நின்றவர்கள், விஷயம் தெரியாமல், ஓடி வந்து அவரைத் தூக்கிவிட்டு, "எங்க டோக்கன் எப்பங்க வரும்?" என்று கேட்டு மறித்துக்கொண்டார்கள். காவலர் வரும்வரை அவரை விடவில்லை. வள்ளலின் பக்தர்களே வள்ளலைப் பிடித்துக் கொடுத்தார்கள். மேசைக்காரப் பெண் மாடியில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் அதோடு கலைந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் நம் மக்களை அறியாதவர். பத்துப் பேர் தராசுக்காரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா, அப்ப எங்க பிள்ளை எந்த ரகம்னு இனிமே யாரு சொல்லுவா? நீங்க பார்ப்பீங்களா? தராசுலயாவது நிறுத்துச் சொல்லுங்களேன்!"

தராசுக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏங்க, சில பிள்ளை சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். சில பிள்ளை இடி விழுந்தாலும் திரும்பாது. அது உண்மைதான், எந்த வீட்டுலயும் பார்க்கலாம். அந்தக் கால்கிலோ உண்மையை மேல வச்சுத்தான் அந்த ஆளு ஒரு மூட்டைப் பொய்யை வித்திருக்கான். துள்ளுற பிள்ளையை நாம எப்படி நடத்துறோமோ, நல்லதோ கெட்டதோ, அது சட்டுனு பிடிச்சுக்கும். அதனால பார்த்து நடந்துக்கணும். அதுக்காக ஊமை வீட்டுல பூட்டி வைக்கணும்னு இல்ல. துள்ளாத பிள்ளைக்குப் பேச்சே வேணாம்னு இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் பேச ஆளு வேணும், கேக்க ஆளு வேணும். பக்கத்துல உக்காந்து ஒரு வாரம் பாருங்க, உங்க பிள்ளை எப்படின்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரு வாரமா? அவ்வளவு நேரம் யாருக்குங்க இருக்கு?" என்றார் நாலு மாதமாக ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்றவர்.

தையல்காரர் ஒரு கையில் பொம்மையும் மறுகையில் பெரியவளுமாகப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்றுவிட்டார். பொம்மையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மகள்முன் குந்தி உட்கார்ந்தார். "அப்பாகிட்ட ஏதாவது கேளுடா கண்ணு" என்றார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது.

பெரியவள் அவர் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தாள். இனி கேட்கவே மாட்டாளோ?

"ஏம்பா" என்றாள் கடைசியில். "நான் எப்படிப்பட்ட பிள்ளைன்னு தெரியணும்னா, செடிகிட்ட எதுக்குப் போய்க் கேட்டீங்க? நான் பக்கத்துலதானே இருந்தேன்?"

தையல்காரர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை ஏதாவது சொல்லிச் சமாளிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அப்பா யோசிக்கலடா."

"ஏன் யோசிக்கல?"

படியில் மேலேயும் கீழேயும் பெற்றவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தையல்காரர் ஒருவர் மட்டும்தானா?